வெளிற்றும் தூளின் வலு

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்த எவருக்கும் ஐதாக்கல் சமன்பாடு நினைவிருக்கும். முதற் கரைசலின் செறிவை அதன் கனவளவால் பெருக்கினால் வருவதும், தண்ணீர் சேர்த்து ஐதாக்கிய கரைசலின் செறிவை அதன் கனவளவால் பெருக்கினால் வருவதும் ஒன்றே. தண்ணீர் சேர்ப்பதால் கரைந்த பொருள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அது பரந்து கிடக்கும் இடம் மட்டுமே கூடுகிறது. நான்கு கணியங்களில் மூன்று தெரிந்தால் நான்காவது தானாக வந்து விழும். கரும்பலகையில் எழுதி, இரண்டு உதாரணங்களைச் செய்துகாட்டி, மூன்றாவதைப் பிள்ளைகளிடம் விட்டால் நாற்பது நிமிடப் பாடவேளை தாராளம். பிள்ளைகள் வழமையாக விடும் பிழையும் ஒன்றுதான். 10 மில்லிலீற்றரைப் பத்து மடங்கு ஐதாக்கச் சொன்னால் அதனுள் 100 மில்லிலீற்றர் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். மொத்தம் 110 ஆகிவிடும். குடுவையின் கழுத்திலுள்ள கோடுவரை நிரப்பவேண்டும் என்று ஒருதரம் அதட்டினால் அதுவும் தீர்ந்துவிடும். பல வருடங்களாக நானும் அவ்வாறே படிப்பித்து, கையிலுள்ள வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டு வகுப்பை விட்டு வந்திருக்கிறேன்.

அந்த நான்கில் முதலாவதை, அதாவது நம் கையிலிருக்கும் இருப்புக் கரைசலின் செறிவை, வினாத்தாள் எப்போதும் தந்துவிடுகிறது. யாரும் தராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எனக்கு எழுந்தது 2005 ஜனவரியில்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது எங்கள் அம்பாறை மாவட்டக் கரையோரம் பட்டதை நான் இங்கு மீண்டும் எழுதப்போவதில்லை. கவிதையாகவும் கதையாகவும் பலர் எழுதிவிட்டார்கள். பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் எங்கள் பாடசாலைக் கட்டடம் தப்பியது. தப்பியதால் அது முகாமானது. வகுப்பறைகளில் குடும்பங்கள் இருந்தன. கரைப்பக்கக் கிணறுகளுக்குள் கடல்நீரும் மலகூடக் குழிகளின் கழிவும் ஒன்றாகப் புகுந்திருந்தன. உப்பை இறைத்துத் தள்ளிவிடலாம் என்று எண்ணிச் சில இடங்களில் நாள் முழுக்க இயந்திரம் வைத்து இறைத்தார்கள். மணலுக்குள் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பதே எங்கள் நன்னீர். அளவுக்குமிஞ்சி இறைத்த கிணறுகளில் கீழேயிருந்த உவர் மேலேறியது. எனவே குடிப்பதற்கு பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து, முற்றத்தில் வரிசையாக வைத்திருந்த 1000 லீற்றர் கறுப்புத் தாங்கிகளில் நிரப்பினார்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இளம் வயதுக்காரர். நித்திரையில்லாத கண்களோடு வந்து, "சேர், நீங்கதானே கெமிஸ்றி. ஒரு வீதக் குளோரீன் கரைசல் ஒண்டு செஞ்சு தாங்க. ஒரு தாங்கிக்கு இருநூறு மில்லிலீற்றர் ஊத்தினாக் காணும்" என்றார். வெளிற்றும் தூள் பீப்பாவொன்றைக் காட்டினார். அதன்மேல் 30 வீதம் என்று அச்சிடப்பட்டிருந்தது.

எனக்கு இது மூன்று நிமிட வேலை. ஒரு வீதம் என்றால் லீற்றருக்கு 10 கிராம் குளோரீன். தூளில் 30 வீதமே பயன்படும் குளோரீன் என்பதால் லீற்றருக்கு 33 கிராம் தூள். அதில் 200 மில்லிலீற்றரை 1000 லீற்றருக்குள் ஊற்றினால் ஐயாயிரம் மடங்கு ஐதாக்கல்; லீற்றருக்கு 2 மில்லிகிராம் வந்துவிடும். தண்ணீரிலுள்ள அழுக்கு அதில் ஒரு பங்கை விழுங்கினாலும், அரைமணி நேரத்தின் பின் குறைந்தது அரை மில்லிகிராமாவது மிஞ்சவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க ஒரு குளிசை உண்டு. தண்ணீரில் கரைத்தால் இளஞ்சிவப்பு வரும். நிறத்தைப் பெட்டியிலுள்ள வர்ணங்களோடு ஒப்பிடலாம்.

அரைமணி நேரம் கழித்துக் குளிசையைப் போட்டோம். தண்ணீர் தண்ணீராகவே நின்றது.

தண்ணீரில் அழுக்கு அதிகம் என்று சொன்னேன். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். தூளை இரட்டிப்பாக்கினேன், ஊற்றும் அளவையும் இரட்டிப்பாக்கினேன். இளஞ்சிவப்பு தோன்றியது. இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் பழைய பீப்பா அடிமட்டத்துக்கு வர, தொண்டர் பையன்கள் புதிதாக வந்திறங்கிய பீப்பாவை உடைத்து, நான் எழுதிக்கொடுத்த அதே அளவில் கலந்து ஊற்றிவிட்டார்கள். அவர்களில் பிழையில்லை. பீப்பா மாறினால் எனக்குச் சொல்லவேண்டும் என்று நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அன்று காலை ஒரு மூதாட்டி என்னைக் கூப்பிட்டு, "மகன், இது தண்ணியா மருந்தா? தேத்தண்ணி ஊத்தினா ஆஸ்பத்திரி மணக்குது. பிள்ளைகள் வாயில வைக்குதில்ல" என்றார். அவர் சொன்னபின்தான் எனக்கும் மூக்கில் பட்டது. மத்தியானமாகும்போது சனங்கள் பாடசாலைக்குப் பின்னாலுள்ள கைவிடப்பட்ட வளவொன்றின் கிணற்றில் அள்ளத் தொடங்கியிருந்தார்கள். அது இலேசான உவர்; ஆனால் மணமில்லை. அடுத்த இரண்டு நாட்களில் ஐந்து பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். நான்கு வயதுப் பையனொருவனை வைத்தியசாலையில் சேர்த்துச் சேலைன் ஏற்றினார்கள். அவன் நலமாகத் திரும்பி வந்தான். பெருந்தொற்று எதுவும் அந்நாட்களில் எம் நாட்டில் பரவவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று என்னால் நிறுவவும் முடியாது. ஆனால் அவர்களை அந்தக் கிணற்றடிக்கு அனுப்பியது என் கணக்கு.

அன்றிரவு ஆய்வுகூடத்தைத் திறந்தேன். இரண்டு பீப்பாக்களிலிருந்தும் தூள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 2.5 கிராமை நிறுத்து, தண்ணீர்விட்டு அரைத்து, 250 மில்லிலீற்றருக்கு ஆக்கினேன். அதில் 25 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து, பொற்றாசியம் அயடைட்டும் அமிலமும் சேர்க்க, அயடீன் கபில நிறமாக வெளிவந்தது. பியூரட் என்று எல்லாரும் சொல்லும் அளவியிலிருந்து சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலை இறக்கினேன். தூள் உண்மையிலேயே 30 வீதமானால் 21 மில்லிலீற்றருக்குச் சற்று மேலே இறங்கவேண்டும். பழைய பீப்பாவுக்கு 9.9 இல் நிறம் போய்விட்டது. அதாவது 14 வீதம். புதியதற்கு 23.3, அதாவது 33 வீதம். முதல்நாள் நான் தாங்கிக்குள் ஊற்றியது லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மூன்றாம் நாள் ஊற்றியது கிட்டத்தட்ட 9. உலக சுகாதார நிறுவனம் விதித்த உச்ச அளவு 5. கணக்கு இரு தடவையும் சரியாகத்தான் இருந்தது. முதல் எண்தான் பிழை.

வெளிற்றும் தூள் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நாளுக்குநாள் வலுவிழக்கும் என்பது நான் படிப்பித்த பாடமேதான். பின்னாட்களில் இதன் வரலாற்றைத் தேடி வாசித்தபோது, அன்றிரவு நான் பட்ட சங்கடத்தை இருநூற்றைம்பது வருடங்களாகப் பலர் பட்டிருக்கிறார்கள் என்று கண்டேன். அதுவும் பெரும்பாலும் துணி வெளுப்பவர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவில் நூற்சீலையை வெளுப்பதென்றால் மாதக்கணக்கான வேலை. சாம்பல்நீரில் அவித்து, புல்வெளியில் வெயிலுக்கு விரித்து, புளித்த பாலில் ஊறவைத்து, மறுபடி அவித்து என்று போய்க்கொண்டே இருக்கும். எடின்பரோ வைத்தியரான பிரான்சிஸ் ஹோம் 1756 இல் வெளுத்தல் பற்றி ஒரு நூல் எழுதினார். புளித்த பாலுக்குப் பதிலாக ஐதான சல்பூரிக்கமிலத்தைப் பயன்படுத்தச் சொன்னவர் அவர். வெளுப்பவர்கள் விலைகொடுத்து வாங்கும் சாம்பல் உப்பில் சரக்கு எவ்வளவு, கலப்படம் எவ்வளவு என்று அறிய ஒரு வழியும் சொன்னார். ஒரு பங்கு நைத்திரிக்கமிலத்தை ஆறு பங்கு தண்ணீரில் கலந்துகொண்டு, ஒரு டிராம் சாம்பல் உப்பின்மேல் தேக்கரண்டி தேக்கரண்டியாக ஊற்றவேண்டும். நுரைத்தல் எப்போது நிற்கிறதோ அப்போது எத்தனை கரண்டி என்று எண்ணவேண்டும். ஒரு சாம்பலுக்குப் பன்னிரண்டு கரண்டி போயிற்றாம்.

இன்றைய நியமிப்பின் மூதாதை இதுவே என்று இரசாயன வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் படுவது வேறொன்று. ஹோம் தமது ஒன்றுக்கு ஆறு கலவையை எல்லாப் பரிசோதனைக்கும் மாறாமல் வைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒரு பங்கு அமிலம் எவ்வளவு வலுவானது? அமிலம் வடிப்பவனுக்கு வடிப்பவன் வேறுபட்டிருக்கும். ஒரே விகிதத்தில் ஐதாக்கினாலும் வெவ்வேறு போத்தலிலிருந்து வெவ்வேறு கரைசல்தான் வரும். பீப்பா மாறியதை அறியாமல் அதே அளவில் கலந்த எங்கள் பையன்களின் நிலைதான் அது.

எந்த விடயத்தை எடுத்தாலும் பக்தாதில் ஒருவர் அதை முன்பே சொல்லிவிட்டார் என்று தேடிப்பிடிப்பது எமது கட்டுரையாளர்களுக்குப் பழக்கம். நானும் தேடினேன். ஒன்பதாம் நூற்றாண்டின் அல்-கிந்தி கூட்டு மருந்துகளின் வலுவைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் விகிதம் இரட்டிப்பாகும் என்று கணக்கிட்டிருக்கிறார். அருமையான சிந்தனை. ஆனால் அவர் பேசுவது மருந்தின் உஷ்ணத்துக்கும் குளிர்ச்சிக்குமுள்ள விகிதம். கரைசலின் செறிவு அல்ல. இல்லாத உறவை ஒட்டவைப்பது அவருக்கும் மரியாதையல்ல என்பதால் அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

1774 இல் சுவீடனில் ஷீலே குளோரீனைக் கண்டார். அது நிறங்களை அழிக்கும் என்பதைப் பிரான்சின் பெர்தொலே 1785 இல் துணி வெளுக்கப் பயன்படுத்திக் காட்டினார். மாதங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின. கூடவே புதிய ஆபத்தும் வந்தது. குளோரீன் நீர் வலுக்குறைந்தால் துணி மங்கலாகவே கிடக்கும். வலு மிஞ்சினால் நூல் இற்றுப்போகும். சாம்பலைப்போல் நுரையை வைத்து இதை அளக்க முடியாது. மூக்கை நம்பினால் சுவாசப்பைதான் கெடும்.

ரூவான் என்ற நெசவு நகரில் டெக்ருவாசில் என்றொரு மருந்துச்சரக்கு வல்லுநர் இருந்தார். நீலச்சாயத்தைச் சல்பூரிக்கமிலத்தில் கரைத்து, தண்ணீரால் ஐதாக்கி ஓர் இருப்புக் கரைசல் செய்தார். கோடுகள் கீறிய கண்ணாடிக் குழாயொன்றில், குறித்த அளவு வெளிற்றும் நீர் எத்தனை கோடு நீலத்தை அழிக்கிறது என்று பார்த்தார். பெர்தொலேயின் பெயரையே அக்கருவிக்கு இட்டு 1795 இல் அதைப்பற்றி எழுதினார். சாயச்சாலைக்காரனுக்குச் சூத்திரம் எதுவும் தெரியவேண்டியதில்லை. கோட்டை எண்ணத் தெரிந்தால் போதும். ஆயினும் நீலச்சாயம் தாவரத்திலிருந்து வருவது. கப்பலுக்குக் கப்பல் தரம் மாறும். குளோரீனை அளக்க நீலம். நீலத்தை அளக்க எது?

கிளாஸ்கோவின் சாள்ஸ் டெனன்ற் 1799 இல் சுண்ணாம்பில் குளோரீனை ஏற்றி உலர்ந்த தூளாக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றபின் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. தூள் என்றால் பீப்பாவில் அடைத்துக் கடல்கடந்து விற்கலாம். விற்பவன் ஒரு வலுவைச் சொல்வான். வந்து சேரும்போது வேறு வலு இருக்கும்.

இவ்விடத்தில்தான் கே-லுசாக் வருகிறார். வாயு விதிகளுக்காகப் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருப்பவர். அவர் வெளிற்றும் தூளின் வலுவைப் பார்ப்பதற்கென்றே 1824 இல் கைநூலொன்றை எழுதினார் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. நாம் இன்றும் சொல்லும் பியூரட், பிப்பெற் என்ற பெயர்கள் ஆய்வுகூடத்துக்கு வந்ததே அந்த எழுத்தின் வழியாகத்தான். நீலத்தின் தரம் மாறுகிறதா? மாறட்டும். நிறை தெரிந்த தூய மங்கனீசீரொட்சைட்டிலிருந்து, கனவளவு நிச்சயமாகத் தெரிந்த குளோரீன் வாயுவைப் பெற்று, அந்த வாயுவின் ஒரு பங்கு நீலக் கரைசலின் பத்துப் பங்கை அழிக்கும்வரை நீலத்தை ஐதாக்கிக்கொள்ளச் சொன்னார். நீலம் எந்தக் கப்பலில் வந்தாலும் இந்த ஒரு நிபந்தனைக்கு அதைக் கொண்டுவந்துவிடலாம். வலு என்பது அத்தோடு கடைக்காரனின் சொல்லாக இல்லாமல் ஓர் எண்ணானது: ஒரு கிலோகிராம் தூளிலிருந்து எத்தனை லீற்றர் குளோரீன். நூறு பாகை என்றால் நூறு லீற்றர். ஒரு லீற்றர் குளோரீன் ஏறத்தாழ 3.2 கிராம் என்பதால், எங்கள் பீப்பாவில் அச்சிட்டிருந்த 30 வீதம் அவரது அளவில் 95 பாகைக்குச் சற்றுக் கீழே வரும். பழைய பீப்பாவில் எஞ்சியிருந்தது 44 பாகை.

1835 இல் நீலத்தையே கைவிட்டு ஆசனியசு அமிலத்துக்கு மாறினார். நஞ்சாக இருந்தாலும் அது தூயதாகக் கிடைக்கும், நிறுத்தெடுக்கலாம் என்பதே காரணம்.

அவருடைய இன்னொரு வேலையைச் சொல்லாமல் ஐதாக்கலின் கதை நிறைவாகாது. பாரிஸ் நாணயசாலையில் வெள்ளியின் தரம் பார்க்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. உலையில் உருக்கிப் பார்க்கும் பழைய முறையில் உலைக் கிண்ணமே கொஞ்சம் வெள்ளியை உறிஞ்சிக்கொள்ளும். எனவே நாணயம் உண்மையில் உள்ளதைவிடத் தரம் குறைந்ததாகத் தெரியும். ஆயிரத்தில் சில பங்குதான். ஆனால் ஒரு நாட்டின் நாணயமெல்லாம் சேர்ந்தால் அது சிறிய தொகையா? 1832 இல் அவர் வெளியிட்ட முறைக்கு வேண்டியது கறியுப்புக் கரைசல் மட்டுமே. 100 மில்லிலீற்றர் சரியாக ஒரு கிராம் வெள்ளியை வீழ்படிவாக்குமாறு அதைச் செய்தார். கணக்கிட்டால் லீற்றருக்கு ஏறத்தாழ 5.4 கிராம் உப்பு. இதிலிருந்து 100 மில்லிலீற்றரை எடுத்து ஒரு லீற்றராக்கினால் பத்திலொன்றுக் கரைசல். அதன் ஒரு மில்லிலீற்றர் ஒரு மில்லிகிராம் வெள்ளிக்கு உரியது.

ஒரு கிராம் அளவு வெள்ளி இருக்கக்கூடிய நாணயத் துண்டை நைத்திரிக்கமிலத்தில் கரைத்து, வலுவான கரைசலில் 100 மில்லிலீற்றரை ஒரேயடியாக ஊற்றிக் குலுக்கித் தெளியவைப்பார்கள். பிறகு பத்திலொன்றுக் கரைசலை ஒவ்வொரு மில்லிலீற்றராகச் சேர்ப்பார்கள். வெண்மேகம் இனி எழவில்லையென்றால் முடிந்தது. வலுவான கரைசலில் கைதவறிய ஒரு மில்லிலீற்றர் 10 மில்லிகிராம் பிழை; ஐதாக்கியதில் அதே கைத்தவறு ஒரு மில்லிகிராம்தான். தண்ணீர் சேர்ப்பது வலுவைக் குறைப்பதற்காகவே என்று நான் படிப்பித்துவந்தேன். இங்கே அது ஒரு பூதக்கண்ணாடி. கரைசல் வெப்பத்தில் விரியும் என்பதற்காகப் பாகைக்குப் பாகை திருத்த அட்டவணையும் போட்டு வைத்தார் மனிதர். உலோகத்தின் தரத்தைக் குறிக்கும் 'தீத்ர்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் நியமிப்புக்குரிய ஆங்கிலச் சொல்லும் வந்தது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லலாம். அன்றிரவு நான் நம்பியிருந்த தயோசல்பேற்று முறையைச் சுவாட்ஸ் என்பவர் 1853 இல் கொண்டுவந்தார். 1855 இல் ஜேர்மனியின் மோர் நியமிப்புக்கு முழுமையான பாடநூல் எழுதி, இறப்பர்க் குழாயும் கவ்வியும் பொருத்திய அளவியைப் பரப்பினார். பெயரைச் சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். புளித்த பாலில் தொடங்கிய கதை மோரில் வந்து நிற்கிறதே என்று நானும் சிரித்ததுண்டு.

துணி வெளுத்த தூள் மனிதனுக்கு மருந்தானதும் தராசின் முள் இன்னும் கவனமாக நிற்கவேண்டியதாயிற்று. 1847 இல் வியன்னாவின் பிரசவ விடுதியில் செமல்வைஸ் மாணவர்களை இத்தூளின் கரைசலில் கைகழுவ வைத்தார். ஏப்ரலில் 18 வீதத்துக்குமேல் இருந்த தாய்மார் மரணம் ஜூனில் 2 வீதமளவுக்கு இறங்கியது. பிணவறை நாற்றத்தைப் போக்கும் என்பதற்காகவே அவர் அதைத் தெரிந்தெடுத்தார். அவருக்கும் முதலில் வழிகாட்டியது மூக்குத்தான்.

குடிநீருக்கு வருவோம். அமெரிக்காவின் ஜேர்சி நகருக்கு நீர் வழங்கிய கம்பனிமீது நீர் சுத்தமில்லை என்று வழக்கு நடந்தது. கம்பனியின் ஆலோசகரான ஜோன் லீல் என்ற வைத்தியர், ஜோர்ஜ் புல்லர் என்ற பொறியியலாளரைக்கொண்டு வெளிற்றும் தூளைக் கரைத்துச் சொட்டும் நிலையமொன்றை அமைத்தார். 1908 செப்டெம்பர் 26 இல் அது ஓடத் தொடங்கியது. நாளொன்றுக்கு 4 கோடி கலன் நீர். சேர்த்தது லீற்றருக்கு 0.2 முதல் 0.35 மில்லிகிராம்வரை. இருந்து கணக்குப் பார்த்தேன். 0.3 என்று வைத்தால் நாளுக்கு 45 கிலோகிராம் குளோரீன். 30 வீதத் தூளானால் 150 கிலோகிராம். எங்கள் பழைய பீப்பாத் தூளானால் 320 ஐத் தாண்டியிருக்கும். பீப்பாவின் வலுவை அளக்காமல் அந்த நகரத்தை ஒருநாள்கூட நடத்தியிருக்க முடியாது.

ஆனால் என்னை அதிகம் நிறுத்தியது 1915 ஆம் வருடம். முதலாம் உலக யுத்தத்தில் பதுங்குகுழிச் சேறு புகுந்த காயங்கள் அழுகி வீரர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளரும் அலெக்சிஸ் கரெல் என்ற பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணரும் கொம்பியேன் என்ற ஊரின் யுத்த வைத்தியசாலையில் சேர்ந்து வேலைசெய்தார்கள். தூளின் காரத்தை மட்டுப்படுத்தி டேக்கின் ஆக்கிய கரைசலைக் காயத்துக்குள் சிறு குழாய்கள் வழியாக மணிக்கணக்கில் செலுத்தினார்கள். அதன் செறிவுக்கு அவர்கள் விட்ட இடைவெளி 0.45 வீதத்திலிருந்து 0.50 வீதம்வரை மட்டும். கீழே போனால் கிருமி சாகாது. மேலே போனால் தசை புண்ணாகும். பிழை பத்திலொன்றுதானே என்று பிள்ளைகளுக்கு நாங்கள் தாராளமாகப் புள்ளி போடுகிறோமே, அந்த இடைவெளிக்குள்தான் ஒருவனின் கால் இருந்தது.

யுத்தகாலத்தில் கிடைத்த தூளோ பீப்பாவுக்குப் பீப்பா வேறு. ஆகவே டோஃப்ரேன் என்பவர் அட்டவணையொன்று தயாரித்தார். முதலில் தூளை நியமித்து வலுவைக் காணவேண்டும். பிறகு அட்டவணையில் அந்த வரிக்குப் போகவேண்டும். 10 லீற்றர் கரைசலுக்கு, தூள் 25 வீதமானால் 184 கிராம். 20 வீதமானால் 230 கிராம். பெருக்கிப் பாருங்கள்: இரண்டிலும் குளோரீன் 46 கிராம். ஆக்கிய கரைசலையும் மறுபடி நியமித்தார்கள், நாள்பட்டதை ஊற்றிவிட்டார்கள்.

நான் இதையெல்லாம் அறிந்தது பிறகுதான். ஆனால் முகாமில் அந்த இரவுக்குப்பின் நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான். முதலில் என் தயோசல்பேற்றையே சந்தேகித்தேன். போத்தலில் 0.1 மூலர் என்று எழுதியிருந்தவன் நான். எழுதியது முந்திய தவணையில். பொற்றாசியம் அயடேற்றை நிறுத்துக் கரைத்து அதனோடு ஒப்பிட்டேன். நல்லவேளை பெரிதாக மாறியிருக்கவில்லை. பிறகு கொப்பித் தாளொன்றில், தூள் 10 வீதத்திலிருந்து 35 வீதம்வரை ஒவ்வொரு வலுவுக்கும் லீற்றருக்கு எத்தனை கிராம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். 14 வீதமானால் 71 கிராம். 33 வீதமானால் 30 கிராம். பீப்பா திறந்தால் திகதியும் வலுவும் அதன் மூடியில் எழுதப்படவேண்டும், கரைசல் கானில் செய்த நேரம் எழுதப்படவேண்டும் என்று பையன்களுக்குச் சொன்னேன். பரிசோதகர் தம்பி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சேர், மற்ற முகாமுக்கும் ஒண்டு எழுதித் தாங்க" என்று கேட்டு வாங்கிப்போனார்.

தாங்கியின் தண்ணீரில் மணம் குறைந்தது. ஆனால் அந்த மூதாட்டி மேலும் நாலு நாள் பின்வளவுக் கிணற்றிலேயே அள்ளினார். "அண்டைக்கும் நல்ல தண்ணி எண்டுதானே தந்தீங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கொதிக்கவைத்துக் குடியுங்கள் உம்மா என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வருடம் ஐதாக்கல் பாடம் வந்தபோது நான் கரும்பலகையில் செறிவை எழுதவில்லை. முகாமிலிருந்து மிஞ்சிய தூளைப் போத்தலில் வைத்திருந்தேன். அதை மேசையில் வைத்து, இதிலிருந்து ஒரு வீதக் கரைசல் ஒரு லீற்றர் வேண்டும் என்று மாத்திரம் சொன்னேன். இரண்டு பாடவேளை முழுவதும் போயிற்று. ஒரு குழுவுக்கு 11.2 வீதம் வந்தது, இன்னொன்றுக்கு 11.6, மூன்றாவதற்கு 14. மூன்றாவது குழுவிலிருந்த மாணவி கொப்பியோடு எழுந்துவந்து, "சேர், சரியான விட எது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது பிள்ளை, தூள் அந்தப் போத்தலில்தான் இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய், அளவியைக் கழுவி மறுபடி நிரப்பத் தொடங்கினாள்.